குளிப்பாட்டிய கேமரா

அந்தக் கேமராவில் டேப் போடும் வாய் இல்லை. வாடிக்கையாளர்களுக்கு முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது அதுதான்.

ஈப்போவில் நான் வேலை பார்த்த வீடியோ கடையில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணமோ சடங்கோ முடிந்ததும் முதலாளி, விசேஷ வீட்டுக்காரர்களின் கண் முன்னாலேயே கேமராவைத் திறந்து டேப்பை வெளியே எடுப்பார். அதன் ஓரத்தில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை நகத்தால் தள்ளுவார். அப்படித் தள்ளிவிட்டால் அதன் மேல் வேறு எதையும் பதிய முடியாது. பிறகு பெண்ணின் அப்பாவோ மாமாவோ அந்த டேப்பின் மேல் கையெழுத்துப் போடுவார். வேலை முடிந்து டிவிடி கொடுக்கும்போது கையெழுத்துப் போட்ட அதே டேப்பையும் நாங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு கடைக்காரன் ஒரு கல்யாண டேப்பின் மேலேயே காவடியைப் பதிந்துவிட்டான் என்ற கதை பேராக் மாநிலம் முழுக்க உலவியதுதான் காரணம். எந்த ஊர் என்று கேட்டால் கோப்பெங்காரர்கள் சித்தியவான் என்பார்கள். சித்தியவான்காரர்கள் ஹுத்தான் மெலிந்தாங் என்பார்கள்.

புதிய கேமராவில் படம் நேராக உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் பதிந்தது. வெளியே எடுத்துக் காட்ட ஒன்றும் கிடையாது.

"எங்க வீடியோ எங்கண்ணே?" என்பார்கள் மண்டபத்தில்.

முதலாளி கேமராவின் வயிற்றைத் தட்டிக் காட்டுவார். "இதுக்குள்ளதான்."

"அப்ப கேமராவ எங்ககிட்ட குடுத்துட்டுப் போவீங்களா?"

"குடுக்கிறேன். பேரப்புள்ள காதுகுத்துக்கு நீங்களே எடுத்துக்கலாம்லா."

சிரிப்பார்கள். ஆனால் வண்டியில் ஏறும்வரை கேமராப் பையிலிருந்து அவர்கள் கண் விலகாது.

நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளோமா முடித்து, நல்ல வேலை கிடைக்கும்வரை என்று அந்தக் கடையில் சேர்ந்தவள். படங்களைக் கணினிக்கு ஏற்றுவதும் வெட்டி ஒட்டுவதும் என் வேலை. எதையும் மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொள்வது என் இயல்பு. யார், எப்போது, எதைத் தொட்டார், தொட்ட பிறகு அது எப்படி இருந்தது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். புதிய கேமராவை வாங்கச் சொன்னதும் நான்தான். டேப் சிக்காது, நிகழ்ச்சி நடுவில் மாற்ற வேண்டாம், கணினிக்கு ஏற்றும் நேரம் பாதியாகும் என்று சொல்லியிருந்தேன். சொன்ன மூன்றும் உண்மை. கேமராவைக் கையாளும் மனிதர்களைப் பற்றி நான் எதுவும் யோசித்திருக்கவில்லை.

முதலாளி டேப்பிலேயே தலை நரைத்தவர். புது டேப் போட்டால் அவருக்கு முதல் காட்சி கடை மேசையில் இருக்கும் பிள்ளையார் படம். அதன் பிறகுதான் மற்றதெல்லாம். புதிய கேமராவில் முதல் நாள் ஒருமுறை பிள்ளையாரை எடுத்தார். "இதுல புது டேப்புன்னே ஒண்ணு கெடையாதுண்ணே, ஒருவாட்டி போதும்" என்று சொன்னேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

சாவு வீட்டுக்குப் பிள்ளையார் கிடையாது. அங்கே அவருடைய முதல் காட்சி இறந்தவரின் முகம். கூட்டம் சேர்வதற்கு முன்னால், மாலைகள் முகத்தை மறைப்பதற்கு முன்னால் போய், சவப்பெட்டியின் கால்மாட்டில் நின்று, ஆடாமல் நிதானமாக எடுப்பார். பிறகு யார் அழுதாலும் விழுந்தாலும் கவலையில்லை. வர முடியாதவர்கள் கேட்பது அந்த முகத்தைத்தான் என்பது அவர் கணக்கு.

நான் சொல்ல வந்த சாவு, கோப்பெங்கைத் தாண்டி உள்ளே போகும் ஒரு பழைய தோட்டத்தில் நடந்தது. ரப்பர் பால்மரங்களை வெட்டிச் செம்பனை வைத்துப் பல காலமாகிவிட்டது. லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. இறந்தவர் அங்கே டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மகன் ஈப்போவில் லாரி ஓட்டினார். மகள் சிங்கப்பூரில் இருந்தார். அப்பா இறந்த அதே வாரத்தில்தான் அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. தையல் கூட ஆறாத உடம்பு. பச்சை உடம்புக்காரி சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று மாமியார் வேறு. வீடியோ எடுக்கச் சொல்லி எங்கள் கடைக்கு ஃபோன் செய்தவர் அந்த மகள்தான். நான்தான் எடுத்துப் பேசினேன்.

"வேற ஒண்ணும் வேணாம் தங்கச்சி. அப்பா முகத்த நல்லா எடுக்கச் சொல்லுங்க. எனக்கு அது போதும்" என்றார்.

அப்போதெல்லாம் கைப்பேசியில் எடுத்த படம் தபால்தலை அளவுக்குத்தான் தெரியும். அவருக்கு வேறு வழி இல்லை.

முதலாளி போய் எடுத்து வந்தார். மாலையில் கேமரா என் மேசைக்கு வந்தபோது கணினியில் இடம் இல்லை. முடிந்த வேலைகளை டிவிடியில் போட்டு அழித்து இடம் பண்ண மறுநாள் ஆகிவிடும். கேமராவை மின்சாரத்தில் மட்டும் செருகி வைத்தேன். சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

கடை மூடும் நேரத்தில் மகன் வந்தார். கொள்ளி வைத்த மொட்டைத் தலையில் தொப்பி. என் மேசைக்கு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, பெட்டி மூடறதுக்கு முன்னால கொஞ்சம் சத்தம் ஆயிருச்சு. அத வெட்டிரணும்."

"என்ன சத்தம்ண்ணே?"

"சும்மா லா. குடும்ப விஷயம்."

"முழுசா வேணும்னு அக்கா கேட்டா என்ன சொல்றது?"

"அக்காவுக்குத்தான் தெரியக் கூடாது."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முதலாளியின் கையைப் பிடித்து வெளியே, கடை வரிசைக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதைக்கு அழைத்துப் போனார். கண்ணாடிக் கதவு வழியாக எனக்குத் தெரிந்தது உதடுகள் மட்டும். மகன் பேசினார், முதலாளி தலையாட்டினார், கடைசியில் அவர் தோளில் தட்டிக் கொடுத்தார். உள்ளே வந்தவர் அலமாரியைப் பூட்டத் தொடங்கினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மனத்தில் வரிசை ஓடத் தொடங்கிவிட்டது. அப்பா இறந்திருக்கிறார். சேமநிதிப் பணம் இருக்கலாம், எங்காவது ஒரு வீட்டு மனை இருக்கலாம். தூரத்தில் ஓர் அக்கா. பெட்டி மூடும் முன் ஒரு சண்டை. அக்காவுக்குத் தெரியக் கூடாது. இதையெல்லாம் கூட்டிப் பார்க்க டிப்ளோமா தேவையில்லை.

மறுநாள் காலை கணினியில் இடம் பண்ணிவிட்டுக் கேமராவைத் திறந்தேன். சின்னத் திரையில், வழக்கமாகக் காட்சிகள் வரிசையாகத் தெரியும் இடத்தில், ஒரே ஒரு கட்டம். அதில் பிள்ளையார்.

பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். வேறு எதுவும் இல்லை. சாவு வீடு இல்லை, அதற்கு முந்தின வாரத்துச் சடங்கு இல்லை, கோயில் திருவிழா இல்லை. முதல் நாள் எடுத்த பிள்ளையாரும் இல்லை, ஏனென்றால் இதில் தேதி அன்றைய தேதி. யாரோ கேமராவை ஃபார்மட் செய்து முழுவதும் காலி செய்துவிட்டு, அதன் பிறகு பிள்ளையாரைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள். கற்பூரம் காட்டும் கை ஒன்று படத்துக்குள் வந்தது. அந்தக் கையில் முதலாளியின் கடிகாரம்.

"அண்ணே, இத யாரு எடுத்தது?"

எட்டிப் பார்த்தார். "பழசா இருக்கும்லா."

"இன்னைக்கித் தேதி போட்டிருக்கு."

"அந்த மெஷின் தேதியெல்லாம் யாரு கண்டா? நீதானே டேப்பு வேணாம், இதுதான் உசத்தின்ன. டேப்பு என்னைக்காவது இப்படித் தானா காலியாகி பாத்திருக்கியா?"

குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அவர் பொய் சொல்லும்போது எதிராளியின் மேல் ஒரு குற்றத்தைத் தூக்கி வைப்பார். கடைக்கு வாடகை வாங்க வருகிற சீனரிடமும் அப்படித்தான். ஆகவே யார் செய்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. யாருக்காகச் செய்தார் என்பதுதான் தெரியவில்லை. தெரியவில்லை என்று இப்போது எழுதுகிறேன், ஆனால் அன்று நான் நிச்சயமாகத் தெரியும் என்றே நினைத்தேன். முந்தின நாள் ஐந்தடியில் தோளைத் தட்டிக் கொடுத்த கை என் கண்ணிலேயே நின்றது.

அந்த நேரம் பார்த்துச் சிங்கப்பூரிலிருந்து ஃபோன் வந்தது. "வந்துருச்சா தங்கச்சி? முகம் நல்லா விழுந்திருக்கா?"

"இன்னும் ஏத்தலக்கா" என்றேன். அது பொய்யில்லை. அவர் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. "பாத்துட்டு நானே கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன்.

மதியத்துக்கு முன்னால் ஓர் அம்மா கடைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எடுக்க வேண்டிய கல்யாணத்தில் பெண்ணின் அம்மா. வாசலிலேயே நின்றுகொண்டு என் மேசையில் இருந்த கேமராவைக் கண்ணால் காட்டிக் கேட்டார்.

"கழுவியாச்சா?"

"எதம்மா?"

"கேமராவத்தான். நேத்து ராத்திரியே ஒங்க மொதலாளிகிட்ட ஃபோன்ல சொன்னேனே. கோப்பெங் பக்கத்துல ஒரு சாவுல இதே கேமரா நின்னுச்சாம், என் நாத்தனா பாத்திருக்கா. டேப்பா இருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன். சாவுக்கு ஒரு டேப்பு, கல்யாணத்துக்கு ஒரு டேப்பு. இதுல என்னான்னா எல்லாம் ஒரே டப்பாவுக்குள்ள கெடக்காமே! பொணமும் பொண்ணும் ஒரே ரூம்புல படுக்கற மாதிரி."

அலமாரிக்குப் பின்னாலிருந்து முதலாளியின் குரல் வந்தது. "கழுவிட்டேன்மா. சுத்தமா கழுவிட்டேன்."

"மஞ்ச தண்ணி தெளிச்சீங்களா?"

"மெஷின்ல தண்ணி பட்டா செத்துரும்மா. அதுக்குள்ளயே ஒரு பட்டன் இருக்கு. சூடம் காட்டி, பிள்ளையாரையும் எடுத்துட்டேன்."

அந்த அம்மா திருப்தியாகி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் என்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

அந்த அம்மா போன பிறகு அவரே ஆரம்பித்தார். "சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா தல முழுகாம நீ வீட்டுக்குள்ள போவியா? அதுக்கும் அதான். குளிப்பாட்டினேன்."

"அந்த அக்காவோட அப்பா அதுக்குள்ள இருந்தாருண்ணே."

"நீ ஏத்திட்டன்னு நெனச்சேன். காலையில கட தொறந்தப்ப வயர் சொருகியிருந்துச்சு, லைட்டு எரிஞ்சுச்சு."

"அது சார்ஜ். என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

"கேட்டா நீ வேணாம்ப."

இதில் எது காரணம், எது பிறகு கண்டுபிடித்த காரணம் என்று எனக்கு விளங்கவில்லை. ஏற்றிவிட்டேன் என்று உண்மையாகவே நினைத்திருந்தால், காலையில் ஏன் மெஷினைக் குற்றம் சொன்னார்? மகன் ஐந்தடியில் பேசியதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லையா? கேட்டேன். "அந்தப் பையனா? சத்தத்த வெட்டச் சொன்னான். பாப்பா பாத்துக்கும்னு சொன்னேன். அவ்வளவுதான்லா" என்றார். பாப்பா என்றது என்னை. மகனுக்கும் கல்யாணக்கார அம்மாவுக்கும் வேண்டியது ஒரே பட்டனில் முடிந்திருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் அப்போது சந்தேகத்தைவிட அவசரம் பெரிதாக இருந்தது. ஃபார்மட் செய்தால் படம் உடனே அழிந்துவிடாது. அதை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

"லயத்துல எல்லா வீட்டு நம்பரையும் தொடச்சிட்டா என்ன ஆவும்? தபால்காரனுக்குத்தான் வீடு தெரியாது. உள்ள ஆளுங்க அப்படியேதான் இருப்பாங்க. ஆனா புதுசா யாராவது குடி வந்தா, காலின்னு நெனச்சு ஒரு வீட்டுல ஏறுவாங்க. அங்க இருந்தவங்க போயிருவாங்க. அவங்கள மறுபடி கூட்டிட்டு வர முடியாது. அதனால இனி இந்தக் கேமராவுல யாரும் ஒரு செகண்டு கூட எடுக்கக் கூடாது."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேமராவைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப பிள்ளையாரு எந்த வீட்டுல ஏறியிருக்காரு?"

"எந்த வீட்டுலன்னு தேடிப் பாத்தாத்தான் தெரியும்."

கேமராவின் மின்கலத்தைக் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவரை நம்பி மேசையில் வைக்க மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தைப் பழைய டேப் கேமராவில் எடுக்க வேண்டும் என்றேன். வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார் என்று தயங்கினார். நானே ஃபோன் செய்து சொன்னேன். பெண்ணின் அம்மா, "அப்பாடா, டேப்பா? கையில குடுத்துருவீங்கள்ல?" என்று கேட்டுவிட்டு, புதிய கேமராவைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவளிடம் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் இரவல் வாங்கினேன். கேமராவில் இருந்ததை எல்லாம், காலி என்று சொல்லப்பட்ட இடங்களையும் சேர்த்து, அப்படியே அதில் பிரதி எடுத்தேன். பிறகு பிரதியில்தான் தேடினேன், கேமராவை மறுபடி தொடவில்லை. மீட்கும் மென்பொருள் கொண்டு வந்து கொட்டிய கோப்புகளுக்குப் பெயரும் இல்லை, வரிசையும் இல்லை. முந்தின வாரச் சடங்கில் மஞ்சள் பூசிய ஒரு பெண் சிரித்தாள். அடுத்ததைத் திறந்தால் வாய்க்கரிசி. அதற்கடுத்ததில் கரகம். அந்த அம்மா பயந்தது பொய்யில்லை, எல்லாரும் ஒரே அறையில்தான் படுத்திருந்தார்கள்.

சாவு வீட்டுத் துண்டுகளைப் பொறுக்கி, வாசலில் விழுந்த வெயிலையும் பெட்டியின் மேல் மாலைகள் கூடுவதையும் வைத்து வரிசைப்படுத்தினேன். முதலில் வர வேண்டிய துண்டு அரைகுறையாக ஆரம்பித்தது. கேமரா ஏற்கெனவே மேலே நகர்ந்துகொண்டிருந்தது. சுவர், நாள்காட்டி, மின்விசிறி. முகத்தை எடுத்து முடித்துவிட்டு விலகும் நகர்வு. முகம் இருந்த இடத்தில்தான் பிள்ளையார் ஏறியிருந்தார். தீட்டுக் கழிய வேண்டும் என்று முதலாளி அன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே எடுத்திருந்தார். மிச்சத்தில் எங்குமே முகம் முழுதாக இல்லை. தோள்கள், கைகள், மாலை, நடுவில் ஒரு மோவாய், ஒரு காது.

எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி சொன்னார். "கேமரா கோளாறுன்னு சொல்லிரு பாப்பா."

நான் அடுத்த துண்டைத் திறந்தேன்.

சண்டை இருந்த துண்டும் கிடைத்தது. அதை முதலாளி போன பிறகு தனியாகப் பார்த்தேன். மனையும் பணமும் வரும் என்று எதிர்பார்த்துத்தான் பார்த்தேன். பெட்டிக்கு அந்தப் பக்கம் இறந்தவரின் தம்பி நின்றார், சித்தப்பா முறை. குடித்திருந்தார்.

"பெத்த அப்பன் போறான். சிங்கப்பூரு மகாராணிக்கு வர நேரமில்லையாம். அங்க ஏசி ரூம்புல படுத்துக்கிட்டு வீடியோ பாப்பாளாம்!"

மகன் இந்தப் பக்கமிருந்து சுற்றி வந்தார். "அக்கா புள்ள பெத்துப் படுத்திருக்கா. அவளப் பத்தி ஒரு வார்த்த பேசாதீங்க."

"பேசுவேன்டா. எங்கண்ணன் சாவு."

"பேசறதுன்னா வெளிய போயி பேசுங்க." சித்தப்பாவை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். பெண்கள் கத்தினார்கள். கேமரா நாகரிகமாகக் கூரைக்குத் திரும்பிவிட்டது.

பணம் இல்லை, மனை இல்லை. நான் போட்ட கூட்டல் முழுவதும் தவறு. அந்த மொட்டைத் தலையையும் தொப்பியையும் நினைத்துக்கொண்டே அந்தத் துண்டைத் தனியாக எடுத்து வைத்தேன்.

அக்காவுக்கு ஃபோன் செய்து, ஆரம்பத்தில் கொஞ்சம் இல்லை என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் என்றால் எது என்று கேட்டார். முகம் என்றேன். அவர் அழுவார் என்று காத்திருந்தேன். அழவில்லை. "என் தம்பி கடைக்கு வந்தானா?" என்று கேட்டார். வந்தார் என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். தம்பி மேல் சந்தேகம் விழுந்த அந்தச் 'சரி' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

உடம்பு தேறியதும் அவர் நேராக எங்கள் கடைக்குத்தான் வந்தார், தோட்டத்து வீட்டுக்குப் போகவில்லை. கணவர் காடியை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். முதலாளி அவரைக் கண்டதும் எதிரில் உள்ள காப்பிக் கடைக்கு நழுவிவிட்டார்.

"என்ன வெட்டச் சொன்னான்?" முதல் கேள்வியே அது.

"முகத்த வெட்டச் சொல்லலக்கா. வேற ஒரு எடத்த."

"அத எப்படி நான் நம்பறது? டேப்புன்னா வெட்டுனா வெட்டுன எடம் தெரியும். எங்க வீட்டுல ஒரு டேப்பு சிக்கி அறுந்து, அப்பா செலோடேப் போட்டு ஒட்டினாரு. ஒட்டுன எடத்துல கோடு ஓடும். இதுல எது போச்சு, யாரு போக்கினா, ஒண்ணும் தெரியாதுலா. நீங்க சொல்றதுதான்."

அவர் சொன்னதில் தவறு இல்லை. அவரிடம் கொடுக்க என்னிடம் கையெழுத்துப் போட்ட டேப் இல்லை. கேமரா கோளாறு என்று சொன்னால் அவர் தம்பியைத்தான் சந்தேகப்படுவார், அதுவும் என்றைக்குமாக. ஆகவே நடந்ததை நடந்தபடி சொன்னேன். கல்யாணக்கார அம்மாவின் ஃபோன், முதலாளி அமுக்கிய பட்டன், அதன் மேல் எடுத்த பிள்ளையார். கேட்கக் கேட்க அவர் கண்கள் சுருங்கின.

"பொய் சொல்றதுன்னா இதவிட நல்லா சொல்லலாம்" என்றார் கடைசியில்.

"ஆமாக்கா. அதனாலதான் உண்மையச் சொல்றேன்."

சண்டையைப் போடச் சொன்னார். தம்பி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதைச் சொன்னேன். போடுங்கள் என்றார். போட்டேன். சித்தப்பா 'மகாராணி' என்றபோது அவர் கை குழந்தையின் முதுகில் தட்டுவதை நிறுத்தியது. தம்பி தள்ளியபோது மறுபடி தட்டத் தொடங்கியது. முடிந்ததும், "இன்னொருவாட்டி" என்றார். இரண்டாம் முறை தம்பியை மட்டும்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"மொட்ட" என்றார் பாசமாக. தம்பியைத் திட்டும் பெயராக இருக்க வேண்டும், அவர் மொட்டை அடிப்பதற்கு முன்பிருந்தே. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா?"

பிறகு மிச்சத்தைப் பார்த்தார். தோள்களுக்கு நடுவே வரும் மோவாயில் நிறுத்தச் சொன்னார், காதில் நிறுத்தச் சொன்னார். "முகம் இனிமே வரவே வராதா?"

"வராதுக்கா."

அப்போதுதான் முதலாளி திரும்பி வந்தார். இவ்வளவு நேரத்தில் அக்கா போயிருப்பார் என்று நினைத்திருக்க வேண்டும். வாசலில் நின்றவர் என்னைப் பார்த்தார், நான் சொல்லிவிட்டேன் என்பது அவருக்குப் புரிந்தது. "மெஷின் வந்துமா..." என்று ஆரம்பித்தார்.

அக்கா கையமர்த்தினார். "அண்ணே, நீங்கதானே எடுத்தீங்க. நின்னு பாத்தீங்கல்ல. அப்பா முகம் எப்படி இருந்துச்சு?"

முதலாளி திகைத்துப்போனார். அவர் எடுத்த சாவுகளுக்குக் கணக்கில்லை. இந்த முகத்தை நினைவு வைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. ஏதாவது இட்டுக்கட்டுவார் என்று தயாராக இருந்தேன்.

"நல்லா இருந்தாரும்மா. தூங்கற மாதிரி" என்றார்.

"எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, வலது கையைக் கேமரா பிடிக்கும் உயரத்துக்குத் தூக்கினார். வேண்டுமென்றே செய்ததாகத் தெரியவில்லை. "சவரம் பண்ணி விட்டிருந்தாங்க. அவசரத்துல பண்ணது. மோவாக்குக் கீழ கொஞ்சம் வெள்ள முடி விட்டுப் போயிருந்துச்சு. மூக்குல கண்ணாடி போட்ட தடம், ரெண்டு பக்கமும். வாய் லேசா ஒரு பக்கம் கோணியிருந்துச்சு, கோவத்துல இல்ல, என்னமோ சொல்ல வந்த மாதிரி. இடது புருவத்துல ஒரு வெட்டு. அங்க முடி கெடையாது."

அக்காவின் முகம் இறுகியது. "அப்பாவுக்கு வலது புருவம்."

நான் முதலாளியைப் பார்த்தேன். பிடிபட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. தூக்கிய கையின் விரல் ஒன்று காற்றில் கொஞ்சம் அசைந்தது.

"எனக்கு இடது. கால்மாட்டுல நின்னேன்லா. அவருக்கு வலதுதான்."

அக்கா குழந்தையைத் தோளிலிருந்து மடிக்கு மாற்றிக்கொண்டு, நாற்காலியை முதலாளி பக்கம் நகர்த்திப் போட்டார்.

"தடம் ரெண்டு பக்கமும்னீங்க" என்றார். "கண்ணாடிய யாரு கழட்டி வச்சாங்க? பெட்டிக்குள்ள போட்டாங்களா?"

முதலாளி சொல்லிக்கொண்டே போனார். இடையில் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். நான் கணினிப் பக்கம் திரும்பி, ஒலியை அடைத்துவிட்டு, மீட்ட காட்சிகளை மறுபடி ஒவ்வொன்றாக ஓட்டினேன். முதலாளி என் பின்னால் நின்று பார்த்த அன்றைக்கு அந்தப் புருவத்தை எங்காவது கவனித்து வைத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மோவாய் வந்தது. காது வந்தது. வாய்க்கரிசி போடும் கைகள் வந்தன. புருவம் எந்தத் துண்டிலும் இல்லை.